ஆடுசதை அளவு

நாகலட்சுமிக்குச் செவ்வாய்க்கிழமை காலைகளில் ஒரு ரகசிய வேலை இருந்தது. குளித்து, விளக்கேற்றி, மோர்க்களிக்கு மாவைக் கரைத்து வைத்துவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். தேயிலைக் கம்பெனி ஒன்றில் தலைமை ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவள், அறுபத்தெட்டு வயதுக்காரி, இப்படிக் கிடப்பதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று முதலில் கூச்சமாக இருந்தது. பார்ப்பதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தோன்றியதும் கூச்சம் போய்விட்டது. அதற்காக அவள் சந்தோஷப்பட்டாள் என்று சொல்ல முடியாது.

காலைத் தூக்கி வைத்தால் ஆடுசதை கொஞ்சம் வற்றும். வற்றினால் டேப்பில் அளவு குறையும். அளவு குறைவாக இருக்கும் வரைதான் சிடிம்மா வருவாள். விஷயம் இவ்வளவுதான்.

சிடிம்மா நைஜீரியாக்காரி. இக்போ ஜனங்கள் வாழும் நுசுக்கா என்கிற ஊரிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். ஒருவர் உடம்பில் எத்தனை கிலோ சதை இருக்கிறது என்று பார்க்கப் பெரிய மெஷின்கள் உண்டு. அவள் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது. உயரம், எடை, புஜத்தின் சுற்றளவு, ஆடுசதையின் சுற்றளவு இவற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் அவள் படிப்பு. இங்கே தெற்குக் கொல்கத்தாவின் முதியவர்களை அளந்து கையைப் பழக்கிக்கொண்டு, பிறகு ஊருக்குப் போய்த் தன் ஜனங்களை அளக்க வேண்டும். கொல்கத்தாவிலேயே இக்போக்காரர்கள் இல்லையா என்று நாகலட்சுமி கேட்டதற்கு அவள் சிரித்தாள். இருப்பவர்கள் எல்லாம் பாராவுக்குப் பாரா, அதாவது பேட்டைக்குப் பேட்டை, கால்பந்து விளையாட வந்த பையன்களாம். அவர்களை அளந்து சூத்திரம் போட்டால் ஊரில் இருக்கும் அம்மாக்கள் எல்லாரும் சென்டர் ஃபார்வர்டு ஆகிவிடுவார்களாம்.

தமிழ்ச் சங்கத்து முதியோர் முகாமில்தான் முதல் அளவு நடந்தது. சங்கம் என்று பெயர்; வந்திருந்த கிழங்களில் பாதிப் பேருக்கு வங்காளம்தான் வாயில் வந்தது. நாகலட்சுமியின் ஆடுசதை முப்பத்தொன்று சென்டிமீட்டர். பெண்களுக்குக் குறைந்தது முப்பத்து மூன்று வேண்டும் என்றார்கள். குறைவாக இருப்பவர்கள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சிடிம்மா வருவாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சி சொல்லித் தருவாள், சத்துப் பவுடர் கொடுப்பாள், அளப்பாள். முப்பத்து மூன்றைத் தாண்டிவிட்டால் நன்றி, நமஸ்காரம், வர மாட்டாள்.

முதல் நாள் வந்தபோது ஆய்வு விதிகளை எல்லாம் அவள் உரக்கப் படித்துக் காட்டினாள். நாகலட்சுமி தலையாட்டிக்கொண்டே அந்தப் பெண்ணின் பின்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு திரித்த மாதிரி எத்தனை நேர்த்தி! காதில் விழுந்தது ஒரே ஒரு விதிதான். அதுவும் தட்டில் மோர்க்களியோடு அந்தப் பெண் எதிரில் போய் நின்றபோது விழுந்தது.

"மன்னிச்சுக்கோங்க மாஷிமா. ஆய்வுல இருக்கறவங்ககிட்ட எதுவும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. உட்கார்ந்து கதை பேசக் கூடாது. அளவு மாறிடுமாம்."

"நீ சாப்டா என் கால் பெருத்துடுமா?"

"புரொஃபசர் அப்படித்தான் சொல்றார்."

அவர்களுக்குள் பேச்சு இங்கிலீஷில் நடந்தது, தொட்டுக்கொள்ள வங்காளம். நாகலட்சுமியின் இங்கிலீஷில் கம்பெனிக் கடிதத்தின் கஞ்சி மொடமொடக்கும். தமிழில் சொல்வது நம் வசதிக்குத்தான். ஊரில் எல்லாரும் கூப்பிடுகிறபடி சிடிம்மா அவளை மாஷிமா என்று கூப்பிட்டாள். பாலிகஞ்சில் அவள் குடியிருந்த கட்டடத்தில் இஸ்திரிக்காரர் முதல் எல்லாருக்கும் அவள் மாஷிமாதான். எல்லாருக்கும் சித்தியாக இருப்பவள் வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். மாடியிலும் கீழேயும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெயர்ந்துவிட்டன. அப்பா, அம்மா போய் வெகுகாலம். கல்யாணத்தை அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேண்டுமா என்று அழுத்திக் கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தம்பி மாதவ் பெங்களூரில் இருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான்.

"அக்கா, சௌக்கியமா? மருந்தெல்லாம் சாப்பிடறியோன்னோ?"

"சாப்பிடறேன்டா. ஒரு இக்போப் பொண்ணு வரா, காலை அளக்க..."

"எந்தப் பொண்ணு? சரி சரி, ஜாக்கிரதையா இரு. யாரையும் உள்ள விடாதே. கால் வருது, வெச்சுடறேன்."

அவனுக்கு எப்போதும் வேறு கால் வரும்.

சிடிம்மா அளக்கிற விதம் ஒரு பூஜை மாதிரி இருக்கும். கையை மடக்கச் சொல்லி, தோள் எலும்பிலிருந்து முழங்கை வரை அளந்து, நடுவில் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளியின் மேல் டேப்பைச் சுற்றுவாள். இறுக்கவும் மாட்டாள், தொங்கவும் விட மாட்டாள். பிறகு தரையில் மண்டியிட்டு, ஆடுசதையின் பருத்த இடத்தைத் தேடி டேப்பை மேலும் கீழும் நகர்த்துவாள். அதற்கும் முன்னால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, பார்த்து, "குட்" என்பாள்.

அந்தக் கட்டைவிரல் எதற்கு என்று நாகலட்சுமி ஒரு நாளும் கேட்கவில்லை. டேப்புக்குக் காரணம் இருந்தது, புள்ளிக்குக் காரணம் இருந்தது. இது ஒன்றுதான் சும்மா வைக்கிற கை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அம்மா ஜுரத்தில் படுத்திருந்தபோது அம்மாவின் நெற்றியில் நாகலட்சுமி இப்படித்தான் கையை வைத்துக்கொண்டிருந்தாள். காரணம் கேட்டால் காரணம் இருந்துவிடும் என்ற பயம் உள்ளூர இருந்தது. அம்மாவுக்குப் பிறகு டாக்டரும் வளையல் கடைக்காரரும் தவிர யாரும் அவளைத் தொட்டதில்லை. புஜத்துப் புள்ளி அழியாதபடி அவள் அந்தப் பக்கம் சோப்புப் போடாமல் குளித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் அது தானே மங்கிவிடும். அப்புறம் செவ்வாய்க்கிழமை வரை வெறும் கை.

ஒரு தடவை சூத்திரத்தை விளக்கச் சொல்லிக் கேட்டாள். சிடிம்மாவுக்கு அது பிடித்த விஷயம், விதியை மறந்து சற்று நேரம் பேசினாள். வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கணக்கில் ஆசியர்கள் என்றால் இரண்டு கிலோ கழித்துக்கொள்ள வேண்டுமாம்.

"பொறந்ததுக்கே ரெண்டு கிலோ அபராதமா?" என்றாள் நாகலட்சுமி.

"எங்களுக்கு ஒரு கிலோ கூட்டறாங்க. அமெரிக்காவுல யாரையோ அளந்துட்டு. எங்க அம்மாவை யாரும் அளந்ததில்லை, மாஷிமா. நான் போய்த்தான் அளக்கணும்." சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினாள். "பார்த்து மூணு வருஷம் ஆச்சு."

இதெல்லாம் தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்குப் பிறகு ஆரம்பித்தது. குளிர் ஏற ஏற மற்றவர்கள் ஒவ்வொருவராக முப்பத்து மூன்றைத் தாண்டினார்கள். நாகலட்சுமி மட்டும் முப்பத்தொன்றிலேயே உட்கார்ந்திருந்தாள். உட்கார வைக்கப் பாடுபட்டாள் என்பதுதான் சரி. சிடிம்மா எதிரில் இருக்கும்போது நாற்காலியில் சிப்பாய் மாதிரி எழுந்து எழுந்து உட்காருவாள். கதவு மூடியதும் பயிற்சியும் மூடிவிடும். சத்துப் பவுடர் பால்கனித் துளசித் தொட்டிக்குப் போயிற்று. துளசி மட்டும் நன்றாகச் சதை போட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கால்கள் சுவரில் ஏறின. ஒவ்வொரு வாரமும் மோர்க்களியும் கிளறினாள், ஒவ்வொரு வாரமும் சிடிம்மா மூக்கை உறிஞ்சி வாசனை பார்த்துவிட்டு, "எங்க ஊர் அகமுக் கஞ்சி மாதிரியே புளிப்பு வாசனை" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். நாகலட்சுமி தட்டைச் சமையலறைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போவாள். ஆனாலும் அடுத்த வாரம் வருவாள் இல்லையா? அது போதும் என்று நினைத்துக்கொள்வாள்.

வங்காளத்தில் தை மாதம் வரும் சரஸ்வதி பூஜைக்கு முந்தைய வாரம் சிடிம்மா வந்தபோது கண் சிவந்திருந்தது. டேப்பைச் சுற்றினாள், பார்த்தாள், அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். முப்பத்தொன்று. தரையில் மண்டியிட்டபடியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி ஆச்சு? ஏன் அழறே?"

"எல்லாருக்கும் கூடியிருக்கு. உங்களுக்கு மட்டும் ஒரு நூல்கூட நகரலை. பயிற்சி பண்றீங்க, பவுடர் சாப்பிடறீங்க, அப்புறம் ஏன்? என் கை சரியில்லைன்னு புரொஃபசர் சொல்றார். அளக்கத் தெரியாதவளை ஊருக்கு அனுப்பி ஆயிரம் பேரை அளக்கவிட முடியாதாம். அடுத்த செவ்வாய்க்கிழமை அளவையும் பார்ப்பாராம். அதுவும் சரியா வரலைன்னா முதல்லேருந்து பயிற்சி. இன்னும் ஒரு வருஷம்." அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வாரச் சனிக்கிழமைக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு, மாஷிமா. அம்மா சுவருக்கெல்லாம் வெள்ளை அடிச்சு வெச்சிருக்காங்க."

இன்னும் ஒரு வருஷம்! சொல்லப்போனால் அந்தக் கணத்தில் நாகலட்சுமியின் மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. வருஷம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைகள். ஒன்றும் செய்ய வேண்டாம், காலைச் சுவரில் தூக்கி வைத்தால் போதும். அடுத்த கணமே அழுகிற அந்த முகத்தைப் பார்த்தாள், தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. ஒரு பெண்ணைத் தாயிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்டு இன்பம் காணும் அளவுக்கா தான் வற்றிப்போய்விட்டோம் என்று நினைத்தாள். ஆடுசதை வற்றினால் பரவாயில்லை, இது வேறு வற்றல்.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். மானம் தடுத்தது. போய்விட்டு வா, அடுத்த வாரம் பார், கூடியிருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் சதை வருமா? கரியாஹாட் சந்தையில் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள், ஆனால் சதை அங்கேயும் விற்பதில்லை. நாகலட்சுமி யோசித்தாள். காலைத் தூக்கினால் வற்றுகிறது. அப்படியானால் தொங்கப் போட்டால் பருக்கத்தானே வேண்டும்? ரயிலில் சென்னை போய் இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையாத அனுபவம் அவளுக்கு உண்டு. உப்புச் சாப்பிட்டால் முகம் உப்பும் என்று அம்மா சொன்னதும் நினைவில் இருந்தது. ஸ்டெனோ மூளை இரண்டையும் கூட்டியது.

அன்றிலிருந்து மூன்று வேளையும் மோர்மிளகாய், வடுமாங்காய், பொரித்த அப்பளம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவள் வடுமாங்காய்த் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். கீழே பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் போகிற ஜனங்கள், ரிக்‌ஷாக்கள், பள்ளிக்கூடத்துக் குழந்தைகள். எல்லாரையும் பார்த்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாள். இரவில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு அதே ஸ்டூலில் தூங்கப் பார்த்தாள். கணுக்கால் கனத்தது, தோல் பளபளத்தது, மூச்சுக்கூட லேசாக வாங்கியது. வலிக்க வலிக்க ஒரு நிம்மதி. வாழ்க்கையில் அவள் யாருக்காகவும் இத்தனை கஷ்டப்பட்டதில்லை. அதற்கு ஆள் கிடைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. சிடிம்மா மண்டியிட்டாள். நாகலட்சுமி புடவையை முழங்கால்வரை உயர்த்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டேப்பையே பார்த்தாள். டேப் வரவில்லை. முதலில் கட்டைவிரல் வந்தது. வழக்கம்போல முன்னெலும்பின் மேல் வைத்து, அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்து, எடுத்தாள்.

"குட்" வரவில்லை.

குனிந்து பார்த்தாள் நாகலட்சுமி. விரல் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. மாவில் அழுத்தியது போல அது அப்படியே நின்றது.

"மாஷிமா, இது சதை இல்லை. நீர்." சிடிம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "இதைப் பார்க்கத்தான் ஒவ்வொரு வாரமும் அழுத்திப் பார்ப்பேன். குழி விழுந்தா அளக்கக் கூடாது. ஆய்விலேருந்து எடுத்துடணும்."

நாகலட்சுமிக்கு ஆய்வு காதில் ஏறவில்லை. இதைப் பார்க்கத்தான். அப்படியானால் அதற்கும் காரணம் இருந்திருக்கிறது. அத்தனை வாரங்கள் மனசுக்குள் பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு பண்டம், அதுவும் வேலையாகப் போயிற்று. அவளுக்குக் கண்ணீர் வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுவர், துளசித் தொட்டி, மோர்மிளகாய், ஸ்டூல். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

சிடிம்மா எழுந்து நின்றாள். அவள் கோபப்பட்டு நாகலட்சுமி அன்றுதான் பார்த்தாள்.

"என் கையை நான் சந்தேகப்பட்டேன். ராத்திரி ராத்திரி என் காலையே அளந்து அளந்து பார்த்தேன். ஏன் மாஷிமா?"

"அளவு கூடிட்டா நீ வரமாட்டியே."

நாகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் புரொஃபசருக்குப் போன் போடு. நான் பேசறேன்" என்றாள். கம்பெனிக் கடிதத்து இங்கிலீஷில், ஒரு தடவைகூடக் குரல் நடுங்காமல், தான் செய்த திருட்டை முதலிலிருந்து கடைசி வரை அந்த மனிதருக்குச் சொன்னாள். இந்தப் பெண்ணின் கையில் பழுதில்லை, பழுது என் காலில் என்று முடித்தாள். பிறகு அவர் சிடிம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சனிக்கிழமை போகலாம்னு சொல்லிட்டார்," என்றாள் போனை வைத்துவிட்டு. "உங்களை எடுத்தாச்சு."

"தெரியும்மா. நீ கிளம்பு. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

சிடிம்மா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். நீலப் பென்சிலைப் போட்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள். ஆனால் பையைத் தோளில் மாட்டவில்லை. வாசல் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பயிற்சி செய்கிற நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் புளிப்புக் கஞ்சி இன்னிக்கும் பண்ணியிருக்கீங்களா?"

"பண்ணியிருக்கேன். ஆனா விதி?"

"நீங்கதான் இப்ப ஆய்வில இல்லையே."

நாகலட்சுமி கனத்த காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சிடிம்மா ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, விரல் நுனியால் மோர்க்களியைக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி செய்து, வாயில் போட்டுக்கொண்டாள். அவள் ஊரில் அப்படித்தான் சாப்பிடுவார்களாம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். அம்மாவைப் பற்றி, அடித்த வெள்ளையைப் பற்றி, கொல்கத்தாவில் டிராமில் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே வருவதைப் பற்றிச் சொன்னாள். மூன்று வருஷத்தில் ஒரு வீட்டில் கைகழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவது இதுதான் முதல் தடவை என்றாள்.

"முன்னாடியே உட்கார்ந்திருக்கலாமே மாஷிமா. எப்ப வேணும்னாலும் ஆய்விலேருந்து விலகிக்கலாம்னு முதல் நாளே படிச்சுக் காட்டினேனே. நீங்க விலகியிருந்தா நான் சும்மாவே வந்திருப்பேன்."

நாகலட்சுமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளி பூஜையிலிருந்து இன்று வரை இந்த ஆய்வில் ஒட்டிக்கொண்டிருக்க அவள் செய்த தகிடுதத்தம் எத்தனை! ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் இந்தப் பெண் உட்காராமலே போய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தை, எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால், குளிர்காலம் முழுக்க இந்த நாற்காலியில் ஒரு ஆள் இருந்திருக்கும். இப்போது தெரிந்து என்ன செய்ய? சனிக்கிழமைக்கு டிக்கெட் இருந்தது.

போவதற்கு முன் சிடிம்மா அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் வடுமாங்காயை நிறுத்தச் சொல்லித் திட்டினார், மாத்திரை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை விமானம் ஏறுவதற்கு முன் சிடிம்மா போன் செய்தாள். சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை நாகலட்சுமி குளித்தாள், விளக்கேற்றினாள், பழக்கதோஷத்தில் மாவைக் கரைத்தாள், படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கால்களைச் சுவரில் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யாரும் வரப்போவதில்லை என்பது உறைத்தது. இறக்கிவிடலாமா என்று நினைத்தாள். தினமும் காலையில் இப்படிக் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அப்படியே கிடந்தாள்.